எழுபத்தெட்டு மொடல்

ஜிந்துப்பிட்டியில் பழைய ஸ்பீக்கர் சோடிக்கு விலை பேசினால், விற்கிறவர் முதலில் சொல்வது வருஷத்தைத்தான்: "எழுபத்தெட்டு மொடல், ஜப்பான் சாமான்." விலையைக் கூட்டத்தான் சொல்கிறார். ஆனாலும் அந்த வருஷத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு.

1970 முதல் 77 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. பாட்டு என்றால் அநேக வீடுகளில் ஒரேயொரு ரேடியோப் பெட்டி, அதில் இலங்கை வானொலி. 1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்தார். கெசட் செட் வந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் கொண்டுவந்தார்கள். வசதியான வீட்டு ஹோலில் மரப்பெட்டி ஸ்பீக்கர் வந்து உட்கார்ந்தது.

ஆறே வருஷம். 1983 ஜூலையில் கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் கொள்ளை போயின, எரிந்தன. அந்த ஜூலையில் இந்த எழுபத்தெட்டு மொடல் யார் வீட்டில் இருந்தது? ஒன்றுமே நடக்காத வீடாக இருக்கலாம். பிறகு கப்பலில் பழசாக வந்ததாகவும் இருக்கலாம். பில் கிடையாது. பின்பக்க லேபலில் ஓம், வாட் மட்டும். கேட்டால் விற்கிறவர் சிரிக்கிறார். அவரே நாலாவது ஆள்.

ஒன்றை மட்டும் பெட்டியே காட்டும். கோனைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் வளையம் பதினைந்து, இருபது வருஷத்தில் பொடியாகிவிடும். ரப்பர் என்றால் தாக்குப் பிடிக்கும். ஸ்பொஞ்ச் இன்னும் மெத்தென்று இருந்தால், இடையில் யாரோ செலவழித்து மாற்றியிருக்கிறார்கள். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்க, ஓரத்தில் பழைய பசைத் தடம் தெரியும். எங்கள் சோடியில் இரண்டு தரம் மாற்றிய தடம் இருக்கு. சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்கிறோம். அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்.