பச்சிளஞ் சுண்டெலியும் மாட்டுங்காத் தொழுநோய் இல்லமும்

தொழுநோயின் வரலாற்றைச் சட்டங்களின் வழியாகப் படிக்கலாம். ஒரு சுண்டெலியின் தைமஸ் சுரப்பி வழியாகவும் படிக்கலாம். தேவ்நாரிலிருந்து அதிகத் தொலைவில்லாத வடாலாவில் நின்று பார்த்தால், இரண்டையும் சேர்த்தே படிக்கத் தோன்றும்.

1890இல் மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளருக்கென ஓர் இல்லம் எழுந்தது. அன்றைய மாநகராட்சி ஆணையர் ஆக்வர்த்தின் பெயரோடு இன்று வடாலாவில் மருத்துவமனையாக விளங்குவது அதுவே. 1898ஆம் ஆண்டுச் சட்டம், வறிய நோயாளரைப் பிடித்து அடைத்துவைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. ஒரே கிருமி சிலரை உருக்குலைத்துப் பெரும்பாலோரைத் தீண்டாது விடுவது ஏன் என்ற கேள்விக்கு அன்று விடையில்லை.

விடையின் முதற்பகுதி 1961இல் இலண்டனிலிருந்து வந்தது. அதுவரை தைமஸ் பயனற்ற உறுப்பென்றே கருதப்பட்டது; வளர்ந்த விலங்கிலிருந்து அதை அகற்றியும் பெருங்கேடு நேரவில்லை. எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்த ஜாக் மில்லர், பிறந்து ஒரு நாளும் ஆகாத சுண்டெலிகளிலிருந்து அதை அகற்றினார். பால்குடி மறந்தபின் அவற்றுள் பல மெலிந்து மடிந்தன. நிணநீரணுக்கள் வெகுவாகக் குறைந்தன. வேற்றினத் தோலை ஒட்டினாலும் உடல் அதை மறுக்கவில்லை.

இங்கே சூட்சுமம் காலத்தில் இருக்கிறது. சுண்டெலி பிறக்கும்போது, தைமஸில் முதிரும் டி செல்கள் அதன் உடலெங்கும் இன்னும் பரவியிருப்பதில்லை. பிறந்தபின் வரும் வாரங்களிலேயே அவை மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் குடியேறுகின்றன. வளர்ந்த எலியில் அக்குடியேற்றம் முன்பே முடிந்துவிடுவதால், பழைய சோதனைகள் எதையும் காட்டவில்லை.

1966இல் ரீஸ் இவ்வறிவைத் தொழுநோய்க்குக் கொண்டுவந்தார். தைமஸை அகற்றி, கதிர்வீச்சால் எஞ்சிய அணுக்களை அழித்து, எலும்பு மஜ்ஜை செலுத்திக் காத்த சுண்டெலிகளின் பாதத்தில் கிருமியைச் செலுத்தினார். இயல்பான எலியின் பாதத்தில் ஏறத்தாழ 10 லட்சத்தோடு நின்றுவிடும் கிருமி, இவற்றில் தடையின்றிப் பெருகியது. பத்தாண்டுகள் டாப்சோன் உண்ட நோயாளரின் உடலிலும் உயிருள்ள கிருமி ஒளிந்திருப்பதை, 1974இல் இத்தகைய எலிகளே காட்டிக்கொடுத்தன. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனத்தின் குழு 1981இல் பரிந்துரைத்ததன் பின்னணியில் இந்த எலிகளும் உண்டு.

நோயின் கடுமை பாவத்தாலோ பிறப்பாலோ அமைவதன்று; டி செல்களின் எதிர்வினையைப் பெரிதும் பொறுத்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டமோ நம் சட்டநூலிலிருந்து முற்றாக நீங்கியது 2016இல்தான். ஆய்வகம் விடை சொன்ன பின்னும் அரை நூற்றாண்டு அது ஏட்டில் நீடித்தது ஏன் என்பது, அறிவியல் மாணவரும் சமூகவியல் மாணவரும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி.