பரங்கிமலைக் கற்சிலுவை

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ் நேயர்களுக்குக் கல்வெட்டு புதியதன்று. திருமலைக் கோயிற் சுவர்களில் நூற்றுக்கணக்கான தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பல்லவர் குலத்துச் சாமவை வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்த செய்தியும் அங்கே தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. கல்லில் வெட்டிய எழுத்து அழியாது என்பர். ஆனால், படிப்பார் இல்லாத எழுத்தின் கதி யாது? அதனைக் கூறும் கல் ஒன்று சென்னையை அடுத்த பரங்கிமலையில் இருக்கிறது.

1547-ஆம் ஆண்டு, அம்மலையுச்சியில் மாதா கோயில் எழுப்பப் போர்ச்சுகீசியர் அடித்தளம் தோண்டினர். அப்போது சிலுவை செதுக்கிய கற்பலகை ஒன்று வெளிப்பட்டது. இன்று அது அக்கோயிலின் பலிபீடத்துக்கு மேல் பதிக்கப்பட்டுள்ளது. சிலுவையின் மேலே புறா ஒன்று இறங்கி வருகிறது. இருபுறத் தூண்களின் மீதும் மகரங்கள் அமர்ந்து வளைவைத் தாங்குகின்றன. மகரம் நம் நாட்டுச் சிற்பிகளுக்குப் பழக்கமான உருவமே. ஆனால், விளிம்பைச் சுற்றியிருந்த எழுத்து எவருக்கும் விளங்கவில்லை. பண்டிதர் ஒருவரை அழைத்துக் கேட்டனர். அவர் அச்சிறு வரியைப் புனித தோமாவின் நீண்ட வரலாறாக விரித்துரைத்தார். அவ்வுரையே நெடுங்காலம் வழங்கிற்று.

1873-இல், சென்னை மாகாணத்தில் நீதிபதியாய்ப் பணியாற்றிய பர்னல் என்னும் ஆங்கில அறிஞர், அவ்வெழுத்து பழம் பாரசீகத்துப் பஹ்லவி என்று எடுத்துக்காட்டினார். கேரளத்துக் கோட்டயம் வலிய பள்ளியிலும் இத்தகைய சிலுவைகள் உள்ளன. இவை 6-ஆம் நூற்றாண்டுக்கும் 9-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை எனக் கணிப்பர். சொற்பொருளில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. எனினும், பலரும் அறிந்த வாசிப்பின்படி அதில் கதை ஏதுமில்லை. கல்லைச் செதுக்கியவனுக்கு இரங்குமாறு கிறிஸ்துவை வேண்டும் சிறு விண்ணப்பமே அது.

தாயகம் விட்டு வந்த மக்கள், அயல்மண்ணில் தம் மொழியிலே வேண்டினர். அம்மொழியைப் படிப்போர் இங்கே அற்றுப்போனபின், கல் இருந்தும் சொல் ஊமையாயிற்று.

நேயர்களே, நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு கற்கின்றனர், அது நன்றே. வீட்டிலே தமிழெழுத்தையும் கற்பிப்போம். திருமலைச் சுவரின் பழைய எழுத்து இன்றைய எழுத்தினின்று மாறுபட்டதாயினும், தமிழறிந்தவன் முயன்றால் எட்டாததன்று. அந்தச் சுவரைப் படித்துச் சொல்ல நம் பேரப்பிள்ளைகள் அயலார் ஒருவரைத் தேடும் நிலை வரலாகாது.