டயபரும் பீரும்: ஒரு வகுப்பறைக் கதையின் வரலாறு



எம்.பி.ஏ. வகுப்பில் என்னிடம் டேட்டா மைனிங் படித்தவர்களுக்கு டயபர்-பீர் கதை மறந்திருக்காது. மாலையில் டயபர் வாங்க வரும் இளம் அப்பாக்கள் கூடவே பீரும் வாங்குகிறார்கள், கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்தது, கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்தார், விற்பனை எகிறியது. பல இடங்களில் இதை வால்மார்ட் கதையாகவே சொல்வார்கள்.

நடந்தது வேறு. 1992இல் டெராடேட்டா நிறுவனத்தின் தாமஸ் பிளிஷாக் குழு, அமெரிக்காவின் ஆஸ்கோ டிரக் கடைகள் சுமார் 25இன் 12 லட்சம் பில்களை அலசியது. மாலை 5 முதல் 7 மணிக்குள் டயபரும் பீரும் சேர்ந்து போவது தெரிந்தது. ஆனால் நிர்வாகம் இரண்டையும் பக்கத்தில் நகர்த்தவில்லை. ஆகவே, விற்பனை எகிறியது என்பது கதைதான். பில்லில் பொருள் இருக்கும்; வாங்கியவர் அப்பாவா மாமாவா என்று இருக்காது!

இதற்கு முறையான கணக்கை 1993இல் ஐ.பி.எம்.மின் ராகேஷ் அகர்வாலும் உடன் ஆய்வாளர்களும் தந்தார்கள். 1994இல் அவரும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் 'அப்ரியோரி' முறையை வெளியிட்டார்கள். அதன் அடிப்படை எளிது: ஒரு பொருளே அரிதாக விற்றால், அது சேர்ந்த ஜோடியும் அரிதுதான், அதை எண்ண வேண்டாம்.

ஆனால் ஒரு பொறி இருந்தது. கரும்பலகையில் நான் போட்ட கணக்கைப் பாருங்கள். 1000 பில்கள். 100இல் ஊதுபத்தி, 600இல் பால், 60இல் இரண்டும். ஊதுபத்தி வாங்கியவர்களில் 60 சதவீதம் பேர் பால் வாங்கினார்கள். பெரிய கண்டுபிடிப்பா? கடைக்கு வந்த எல்லோரிலுமே 60 சதவீதம் பேர் பால் வாங்கியிருக்கிறார்கள். ஊதுபத்திக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. 60ஐ 60ஆல் வகுத்தால் 1. இதைத்தான் 'லிஃப்ட்' என்கிறோம். இந்தக் குறையை 1997இல் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் செர்கே பிரின். அப்போது கூகுள் நிறுவனம் பிறக்கவில்லை.

இன்று உங்களில் பலர் வங்கியிலும் காப்பீட்டிலும் இருக்கிறீர்கள். "இந்தப் பின்கோடுக்காரர்களில் இத்தனை சதவீதம் பேர் தவணை தவறுகிறார்கள்" என்று திரை காட்டும். மற்ற ஊர்களில் எத்தனை என்று கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஊதுபத்தியில் தவறினால் ஓர் அலமாரிதான் இடம் மாறும். இதில் தவறினால் ஒரு பிள்ளையின் படிப்புக் கடன் நின்றுவிடும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்