சுவரில் தொங்கும் திரை



இன்று நம் இல்லச் சுவரிலே ஓவியம்போல் தொங்கும் தட்டைத்திரைத் தொலைக்காட்சியின் வரலாறு, தாவரவியலாளர் ஒருவரின் ஐயத்திலே தொடங்குகின்றது. 1888ஆம் ஆண்டில், பிராக் நகரிலே பணியாற்றிய ஒஸ்திரிய அறிஞர் பிரீட்ரிக் ரைனிற்சர், கரட் கிழங்கிலிருந்து பெற்ற கொலஸ்தரோலைக் கொண்டு ஆக்கிய பொருளொன்றைச் சூடாக்கினார். அது இருமுறை உருகியது: 145.5 பாகை செல்சியசிலே கலங்கிய நீர்மமாயிற்று, 178.5 பாகையிலே தெளிந்தது. செருமானிய பௌதிகவியலாளர் ஒற்றோ லேமன் அதனை ஆராய்ந்து, 'திரவப் பளிங்கு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அதன் பயனை அன்று எவரும் அறிந்திலர்.

எண்பது ஆண்டுகள் கழிந்தன. பழைய தொலைக்காட்சியிலே இலத்திரன் கற்றை பின்னிருந்து திரைமீது பாய்ந்தது. ஆகவே திரை அகல அகலப் பெட்டியும் பருத்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹைல்மையர் குழுவினர் ஆக்கிய திரவப் பளிங்குத் திரை உலகறியக் காட்டப்பட்டது. ஆயினும், படக்குழாய் வாணிபத்திலே செழித்திருந்த அந்நிறுவனம் அதனைப் பேணி வளர்க்கவில்லை. யப்பானின் ஷார்ப் நிறுவனமோ 1973இல் அதனைச் சிறு கணிப்பானிலே பொருத்தியது. 1988இல் 14 அங்குல வண்ணத் திரையாக வளர்த்தது. யப்பானிய ஒலிபரப்புக் கழகம் 1964 தொட்டு ஆராய்ந்த உயர்தெளிவுக் காட்சியும் பிற்காலத்திலே இத்தகைய மெல்லிய திரைகளின் வழியாகவே எளிய இல்லங்களை அடைந்தது.

"இதனால் என்ன பயன்?" என்று கேட்டுப் பிள்ளைகளின் வினாவை அடக்க முற்படும் பெற்றோரும் ஆசிரியரும் அந்தக் கரட் கிழங்கைச் சற்றே நினைவிற் கொள்வார்களாக.