எல்லைக் கல்லில் இட்ட காசுகள்

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு சிற்றூர் உண்டு. அப்பெயர் நம் செவிக்கு ஈமத்தை நினைவூட்டுவது தற்செயலே. எனினும் அவ்வூரின் வரலாறு அச்சொல்லை விட்டு வெகுதூரம் விலகியதன்று.

1665 செப்டம்பரில், இலண்டனிலிருந்து வந்த துணிக்கட்டு ஒன்று அவ்வூர்த் தையற்காரர் வீட்டில் பிரிக்கப்பட்டது. அங்கே வேலை செய்த ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாள்களில் மாண்டார். துணியோடு வந்த தெள்ளுப்பூச்சிகளே கொள்ளைநோயைக் கொணர்ந்தன என்பர். அவ்வீடு இன்றும் நிற்கிறது.

வில்லியம் மொம்பசன் அப்போது அவ்வூரின் ஆங்கிலிக்கன் குரு. முப்பது வயது நிரம்பாதவர், ஊருக்குப் புதியவர். அவருக்கு முன்னிருந்த தாமஸ் ஸ்டான்லியோ, அரசு விதித்த மன்றாட்டு நூலை ஏற்க மறுத்துப் பதவியிழந்த பியூரிட்டன். ஒரே பீடத்தில் நிற்க இயலாத இவ்விருவரும் 1666 ஜூனில் ஒன்றாக மக்கள் முன் நின்று, எவரும் ஊரெல்லையைக் கடந்து நோயைப் பிற ஊர்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டாமென வேண்டினர். மக்களும் இசைந்தனர்.

எல்லையில் குழிகள் கொண்ட ஒரு கல் இருக்கிறது. குழிகளில் காடியை ஊற்றி, அதில் காசுகளை இட்டுச் செல்வார்களாம். அயலூரார் காசை எடுத்துக்கொண்டு உணவை வைத்துப் போவர். கோவில் மூடப்பட்டது. கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று மக்கள் வழிபட்டனர். இறந்தோரை அவரவர் வீட்டாரே அடக்கம் செய்யவேண்டும் என்பதும் ஏற்பாடு. எலிசபெத் ஹான்காக் என்ற தாய் அந்த ஆகஸ்டில் எட்டு நாள்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தார். ரைலி கல்லறைகள் என வழங்கும் அவ்விடத்தைச் சுற்றி இன்று ஒரு கற்சுவர் உண்டு.

ஒன்றை நாம் மறைப்பதற்கில்லை. மக்களைத் தங்கியிருக்கச் சொன்ன மொம்பசன், தம் இரு பிள்ளைகளை முன்னரே வெளியூர் அனுப்பிவிட்டார். இதைக் குற்றமென்று எழுத நம் கை துணியவில்லை. ஆயினும் எட்டு நாள்களில் ஆறு குழந்தைகளைப் புதைத்தவளை எண்ணும்போது மனம் ஆறவில்லை. உடன் செல்ல மறுத்த அவர் மனைவி கேத்தரின், நோயாளரிடையே உழைத்து, ஆகஸ்டு 25-இல் இறந்தார். கோவில் முற்றத்தில், எட்டாம் நூற்றாண்டுச் சாக்சன் சிலுவை நிற்கும் அதே மண்ணில் அவர் கல்லறை உள்ளது. ஆகஸ்டின் இறுதி ஞாயிறன்று அதில் மலர்வளையம் வைப்பர்.

பதினான்கு மாதங்களில் ஏறக்குறைய 260 பேர் மாண்டனர். கடைசிச் சாவு 1666 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று.

1669-இல் மொம்பசன் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாறிச் சென்றார. நோய்க்கு அஞ்சிய அவ்வூரார் அவரை உடனே உள்ளே விடவில்லை என்றும், ஊருக்கு வெளியே குடிசையில் தங்கி, மரத்தடியில் நின்று அவர் மறையுரை ஆற்றினார் என்றும் சொல்வர்.