கூலி கேளாத கைகள்

தம்புள்ளை என்றவுடன் நேயர்கள் பலருக்கும் குகை விகாரையே நினைவில் எழும். வலகம்பா மன்னன் நாடிழந்து மறைந்திருந்த மலை, நிசங்கமல்லன் பொன் பூசுவித்த சிலைகள் என்பன பலகாலும் பேசப்பட்டவை. அம்மலையைச் சூழ்ந்த வயல்களிலும் சேனைகளிலும் உழைத்தவர் யாவர், எதனைப் பெற்று உழைத்தனர் என்பது அத்துணை பேசப்படாத வரலாறு.

அண்மைக் காலத்தில் அவ்வரலாற்றில் ஒரு புதிய பக்கம் சேர்ந்துள்ளது. முதுகிலே ஒரு பையைச் சுமந்து, இயற்கை முறையில் பயிர்செய்யும் சிறு தோட்டங்களை நாடி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இளைஞர் கூட்டமொன்று உலகெங்கும் தோன்றியிருக்கின்றது. இலங்கையிலும் அவர்களை ஏற்கும் தோட்டங்கள் உண்டு. நாளொன்றுக்கு 4 முதல் 6 மணி நேரம் வேலை செய்வர், கூலி பெறார், உணவும் உறையுளும் பெறுவர். சில வாரம் கழிந்ததும் அடுத்த தோட்டத்துக்கு வழி கேட்பர்.

இவ்வழக்கத்துக்கு அமைப்பு வடிவம் தந்தவர் லண்டன் நகரில் காரியதரிசியாகப் பணியாற்றிய சூ கொப்பார்டு என்னும் பெண்மணி. நாட்டுப்புறத்தைக் காண விழைந்தும் அதற்கு வகையற்றிருந்த தம்போன்ற நகரத்தாருக்காக, 1971ஆம் ஆண்டில் சசெக்ஸ் பகுதியின் எமர்சன் கல்லூரிப் பண்ணையில் ஒரு வார இறுதி வேலைக்கு அவர் ஏற்பாடு செய்தார். அம்முயற்சியே வளர்ந்து, வூஃப் என்ற பெயரில் பல நாடுகளில் வேரூன்றியது. முதலில் வார இறுதி மட்டும் என்றிருந்தது பின்னர் மாதக்கணக்காகவும் நீண்டது.

ஆயினும், சோற்றையே கைம்மாறாகக் கொண்டு அயலான் நிலத்தில் உழைப்பது 1971இல் பிறந்த புதுமையன்று. 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கழித்துத் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் இந்நாட்டின் அரிவு வெட்டைக் குறித்துச் சொல்லும் செய்தி கருதத்தக்கது. ஊரார் அனைவரும் ஒருங்கே திரண்டு ஒருவன் வயலை அறுப்பர். அது முடிந்தபின் அடுத்தவன் வயலில் இறங்குவர். இவ்வாறே எல்லார் கதிரும் அறுபடும். எவன் வயலில் அரிவு நடக்கின்றதோ அவனே அன்று அனைவருக்கும் உணவளித்தல் வேண்டும். சிங்கள உழவர் இக்கூட்டுழைப்பை ‘அத்தம்’ என்பர். இங்கே பணம் இல்லை. ஆனால் கணக்கு உண்டு. இன்று உன் வயலில் நான் குனிந்தால், நாளை என் வயலில் நீ குனிவாய். வூஃப் முறையிலோ அந்தத் திரும்பக் கொடுத்தல் இல்லை, வந்தவன் போய்விடுவான். இவ்வேறுபாடு சிறிதன்று.

கூலி பெறாத உழைப்பு யாவும் மனமுவந்த உழைப்பும் அன்று. நிலம் பெற்றதற்கு ஈடாக மன்னனுக்குச் செய்யவேண்டிய இராசகாரியம் கட்டாய ஊழியமே. அதனைப் பிரித்தானிய அரசு 1832ஆம் ஆண்டின் ஆணையால் ஒழித்தது. ஆனால் அவ்வரசே 1848இல் ஒரு வீதிச் சட்டம் இயற்றி, ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய், இன்றேல் பணம் கொடு என்றது. அச்சட்டமும், துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் விதித்த வரிகளும் மக்களைக் கொதிப்படையச் செய்தன. 1848 யூலை 28ஆம் நாள் தம்புள்ளை விகாரையிலேதான் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளைக் கிளர்ச்சி எனப்படுவது இதுவே. கிளர்ச்சி அடக்கப்பட்டது, பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான்.

அக்காலத்தில் அவ்வழியே வேறொரு கூட்டமும் நடந்து சென்றது. தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த என்று காட்டு வழியே மாத்தளைக்கும் அதற்கப்பாலுள்ள கோப்பித் தோட்டங்களுக்கும் கால்நடையாகச் சென்ற தமிழ்த் தொழிலாளர் அவர். கங்காணி தந்த முன்பணம் கடனாகக் காலைக் கட்டியது. கொள்ளை நோயாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பிழைத்தவர் கோப்பிப் பருவம் முடிந்ததும் பலராக அதே வழியே ஊர் திரும்பினர். இவர்களும் தோட்டம் நோக்கிச் சென்ற பிரயாணிகளே. ஆனால் வேலை பிடிக்கவில்லை என்று பையை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டம் செல்லும் உரிமை இவர்களுக்கு இருந்ததில்லை. இன்று தம்புள்ளைச் சந்தியில் பேருந்தை விட்டிறங்கும் வெளிநாட்டு இளைஞனுக்கு அவ்வுரிமை உண்டு. தொண்டுழைப்பென்று ஒன்றைச் சொல்வதற்கு அவ்வுரிமையே அடையாளம். அஃதின்றேல் உணவும் உறையுளும் கொடுத்தமை பற்றிப் பெருமை பேச இடமில்லை.

நம் நாட்டிலேயே விரும்பித் தந்த உழைப்புக்கு 1958ஆம் ஆண்டு ஒரு புதிய முகம் கிட்டியது. கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணாக்கரை அழைத்துக்கொண்டு, குருநாகல் மாவட்டத்தில் தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் ஊராகிய கனத்தொலுவைக்குச் சென்றார். உழைப்பை ஈவது என்னும் பொருளில் அதற்குச் சிரமதானம் என்று பெயர். காந்தியடிகளும் வினோபா அடிகளும் காட்டிய நெறி அதற்கு ஊக்கமாயிற்று. நகரத்துப் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டோருடன் கூடி உழைத்து, கூடி உண்டனர். வெட்டிய மண்ணின் அளவைவிட அவ்வூண் பெரிதெனலாம். அங்குத் தொடங்கிய சர்வோதய இயக்கம் நாடெங்கும் பரவியது. ஆரியரத்ன 2024இல் காலமானார்.

இனி, இயற்கை வேளாண்மைக்கு வருவோம். அது கைகளை மிகுதியாக வேண்டும் தொழில். களைகொல்லி தெளிப்பவன் ஒரு முற்பகலில் முடிக்கும் வேலைக்குக் களை பறிப்போர் பலர் வேண்டும். சாணமும் தழையும் சேர்த்து மக்கவைத்துப் புரட்டிப் பசளையாக்கவும் ஆள் வேண்டும், நாளும் வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஓர் ஆணையால் தடைசெய்யப்பட்டபோது, கூட்டெருவும் இல்லை, அதனை ஆக்கும் கையும் இல்லை. விளைச்சல் வீழ்ந்தது. உழவர் வீதிக்கு வந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைக் கைவிட நேர்ந்தது. மண்ணைத் திருத்துவது பல்லாண்டு வேலை. அதனை ஒரு போகத்துக்குள் கட்டளையிட்டுச் செய்விக்க முயன்றதே பிழை.

அவ்வாறாயின் வெளிநாட்டுத் தொண்டர் அக்குறையை நிரப்புவரோ? ஓரளவுக்கே. வெங்காய நாற்றையும் கோரைப் புல்லையும் பிரித்தறியாத கை, முதல் நாளில் எதைப் பறிக்கும் என்பதைத் தம்புள்ளை உழவரிடம் கேட்கவேண்டியதில்லை. அது பழகிவிடும்; பழகியவுடன் அவர் புறப்பட்டும் விடுவர். இதனினும் கவனிக்கத்தக்கது வேறொன்று. களை பறிக்கும் நாட்கூலியை நம்பி இப்பகுதியில் வாழும் பெண்கள் உளர். விருந்தாளியின் இலவச உழைப்பால் அவர்களுள் ஒருத்திக்கு ஒருநாள் வேலை இல்லாது போகுமாயின், அந்த இலவசத்தின் விலையை அவளே செலுத்துகின்றாள். கூலிக்கு ஆள் அமர்த்த இயலாத சிறு குடும்பத்துத் தோட்டத்துக்கே தொண்டர் செல்லவேண்டும் என்பது இதனால்தான். சுற்றுலா அனுமதியில் வருவோர் ஊதியமின்றியும் வேலை செய்யலாகாது என்று விதிக்கும் நாடுகளும் உண்டாதலின், புறப்படுமுன் சட்டத்தைக் கேட்டறிதலும் வேண்டும்.

அத்தம் முறையோ அறுவடை இயந்திரம் வந்தபின் பெரிதும் தேய்ந்துவிட்டது. இயந்திரம் கதிரை அறுக்கும்; களையைப் பிரித்தறியாது. பெரும்போகத்து மழை ஐப்பசியில் இறங்கும். அதன் பின்னே பயிரோடு களையும் தலைதூக்கும். அவ்வேளையில் தோட்டத்தில் இருப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுத் தாயும், தந்தையும், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுமே.