நகர வெளிச்சமும் விண்முகில்களும்

ஹிஜ்ரி 353, அதாவது கி.பி. 964ஆம் ஆண்டளவில், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் பாரசீக அறிஞர் விண்மீன்களைப் பற்றிய தம் அரபு நூலில், ஆண்ட்ரமீடா மண்டலத்தில் சிறு முகில் போன்ற ஒன்று தென்படுவதைக் குறித்து வைத்தார். தொலைநோக்கி தோன்றாத காலம் அது. வெறுங்கண்ணால் அதைக் காணும் அளவுக்கு வானம் இருண்டிருந்தது.

நகர வெளிச்சம் வானாய்வை எவ்வாறு துரத்தும் என்பதற்கு நம் நாட்டுச் சான்று, ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வுக்கூடம். நவாப் ஸஃபர் ஜங் என்ற பிரபு, இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்து 1901இல் இதனை நிறுவினார். அவர் 1907இல் மறைந்தபின் நிஜாம் அரசு இதனை ஏற்றது. கூடம் பேகம்பேட்டையில் நிலைபெற்றது. வான் முழுவதையும் ஒளிப்படத் தகடுகளில் பதிய 1887இல் பாரிஸில் உருவான பன்னாட்டுத் திட்டத்தில், தென்வானின் 17 முதல் 23 பாகை வரையிலான பட்டை ஹைதராபாத்தின் பொறுப்பாயிற்று. இங்கே அளந்து பட்டியலிடப்பட்ட விண்மீன்கள் 7 லட்சத்துக்கும் மேல்! நம்மவருள் எத்தனை பேர் இதை அறிவர்?

நகரம் வளர்ந்தது, விளக்குகளும் பெருகின. இயக்குநர் அக்பர் அலி திட்டமிட்ட 48 அங்குலத் தொலைநோக்கி, அவருக்குப் பின் வந்த கே. டி. அபயங்கர் காலத்தில், 1968இல், ஊருக்கு வெகுதொலைவில் ரங்காபூரில் நிறுவப்பட்டது. நிஜாமியாவில் பணியாற்றிய ஒருவரின் மைந்தரே வைணு பாப்பு. அவரும் இருளைத் தேடித்தான் நம் வாணியம்பாடிக்கு அண்மையில், ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1972இல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி இயங்கலாயிற்று.

நகரத்திலேயே இருந்து படமெடுக்க இப்போது ஒரு வழி உண்டு. ஓரியன் முகில் போன்றவை ஒளிரும் வாயுக்கள். அவற்றின் ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பொளி வீசுகிறது. அந்த ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் வடிகட்டியைப் பொருத்தி, பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் சேர்த்தால், சென்னை மாடியிலிருந்தும் முகில் துலங்கும்.

ஆயின் அஸ்ஸூஃபி கண்ட முகிலுக்கு இந்த உபாயம் அவ்வளவாகப் பயன்படாது. அது வாயு முகிலன்று. சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மாபெரும் விண்மீன் கூட்டம். அதன் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியுள்ளது. தெருவிளக்கைத் தடுக்கும் வடிகட்டி அதன் பெரும்பகுதியையும் தடுத்துவிடும். அதற்கு இருளே வேண்டும். மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களில் விளக்கொளி எட்டாத வயல்வெளி வாய்த்தவர்கள், டிசம்பர் மாதத்து நிலவில்லா முன்னிரவில் வடவானின் உயரத்தே அதைத் தேடிப் பார்க்கலாம்.